மழைநாளில் மலையேற்றம்

மதுரையைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமவெளியாகும். யானைமலை, திருப்பரங்குன்றம் போன்றவை அதனிடையே தனித்து நிற்கும் குன்றுகள். ஓங்கிய மலைத்தொடரைக் காண விழைவோர், தென்மேற்கே வத்திராயிருப்பை அடைதல் வேண்டும். அவ்வூரை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாய் விளங்குவது சதுரகிரி. மலைமேல் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் எனும் திருக்கோயில்கள் உள்ளன. அடியார்கள் அடிவாரமாகிய தாணிப்பாறையிலிருந்து நடந்தே ஏறுவர். வழியில் மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை ஓடை முதலியன குறுக்கிடும்.

கார்த்திகைத் திங்களின் இறுதியில் ஒருநாள் நண்பர் நால்வர் அம்மலைக்குச் சென்றோம். அடிவாரத்தில் இளவெயில் எறித்தது. மலைமுடியையோ கருமுகில் மூடியிருந்தது. "இங்கு மழை இல்லையே!" என்று மகிழ்ந்து நடந்தோம். வழுக்குப்பாறையைக் கடந்ததும் தூறல் தொடங்கிற்று. நனைந்த ஆடையில் காற்றுப் பட்டபோது உடல் நடுங்கியது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்பதை அன்று உடலே உணர்த்தியது.

சிறிது தொலைவில் ஓர் ஓடை எதிர்ப்பட்டது. நீர் கணுக்காலளவே ஓடிற்று. எம்முள் இளையவர் அதில் காலை வைத்தார். அப்போது மேலிருந்து இறங்கிவந்த பளியர் குடி முதியவர் ஒருவர், "தம்பி, நில்லுங்கள்! தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள்" என்றார். தெளிந்திருந்த நீர் கலங்கிவந்தது. சருகும் சுள்ளியும் மிதந்துவந்தன. சலசலப்பு இரைச்சலாக மாறிற்று. விரைந்து கரையேறினோம். ஒரு நாழிகைக்குள் இடுப்பளவு வெள்ளம் கற்களை உருட்டிக்கொண்டு பாய்ந்தது.

"இவ்வளவு தொலைவு வந்தும் வழிபடாமல் திரும்புவதா?" என்று வருந்தினார் ஒருவர். முதியவர் முறுவலித்து, "சாமி அங்கேதான் இருப்பார், ஐயா. வெயில் வந்ததும் வாருங்கள்" என்றார். நாங்கள் திரும்பினோம்.

மலைச்சரிவில் பெய்யும் மழை பாறைமீது தங்காது. பல வாய்க்கால்களாய் வழிந்து ஓடையில் ஒருங்கே சேரும். ஆதலின் நம் தலைமேல் வானம் தெளிந்திருப்பினும், மேலே பெய்த மழை நம் காலடியில் வெள்ளமாய் வந்து நிற்கும். முழங்காலளவு விரைநீரும் வலியவரை வீழ்த்தவல்லது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் இம்மலையில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி அடியார் பலர் உயிர் நீத்தனர். அது கோடைக்காலம் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவர்களே! மலையேறுமுன் அடிவாரத்தை மட்டுமன்றி முடியையும் நோக்குங்கள். மலைவாழ் மக்களின் சொல்லையும் வனத்துறையினரின் தடையையும் மதியுங்கள். ஓடை பெருகினால் இக்கரையிலேயே நின்று, வெள்ளம் வடியும்வரை பொறுத்திருங்கள். தக்க இடத்தில் திரும்புதல் கோழைமையன்று; மீண்டும் ஒருநாள் ஏறுவதற்கு உயிரைக் காத்துக்கொள்ளும் அறிவுடைமையே அது.