ஜிபிக்கு 150 ஃபோரின்ட்

கேள்வி: 2014-இல் ஹங்கேரி அரசு இணையப் பயன்பாட்டுக்கு வரி போடப்போய், மக்கள் தெருவில் இறங்கியதும் பின்வாங்கியது என்று பொருளாதார வகுப்பில் படித்தோம். ஒரு ஜிபிக்கு 150 ஃபோரின்ட் அவ்வளவு பெரிய சுமையா? நாமும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் வரி கட்டத்தானே செய்கிறோம். நமக்கு ஏன் அந்தக் கோபம் வருவதில்லை?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: முதலில் அறிவித்தபடி வந்திருந்தால் பெரிய சுமைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ஃபோரின்ட் அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 38 ரூபாய். ஹெச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் 3 ஜிபி போய்விடும். இரண்டரை மணி நேரப் படம் ஒன்றுக்கு வரி மட்டும் ஆயிரம் ஃபோரின்டைத் தாண்டும். மாதம் 100 ஜிபி பயன்படுத்தும் குடும்பத்துக்கு 15,000 ஃபோரின்ட். பிராட்பேண்ட் கட்டணத்தையே வரி மிஞ்சிவிடும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012-இலேயே அங்கே தொலைபேசிப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 2 ஃபோரின்ட், ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 2 ஃபோரின்ட் என்று வரி வந்துவிட்டது. பேச்சும் குறுஞ்செய்தியும் இணையத்துக்கு மாறிக்கொண்டிருப்பதால் வரியும் அங்கே போக வேண்டும் என்பது பொருளாதார அமைச்சர் மிஹாய் வர்காவின் வாதம். 2014 அக்டோபர் 21 அன்று, அடுத்த ஆண்டுக்கான வரி மசோதாவோடு சேர்த்து அறிவித்தார். சட்டப்படி வரியைச் செலுத்த வேண்டியவை இணைய நிறுவனங்கள். ஆனால் அது கடைசியில் வீட்டு பில்லில்தான் வந்து உட்காரும் என்று மக்களுக்குத் தெரியாதா என்ன!

எதிர்ப்பு கிளம்பிய உடனே ஆளும் ஃபிடெஸ் கட்சி இறங்கி வந்தது. தனிநபருக்கு மாதம் 700 ஃபோரின்ட், நிறுவனங்களுக்கு 5,000 ஃபோரின்ட், அதற்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வைத்தது. 700 ஃபோரின்ட் என்றால் 180 ரூபாய்க்குள்தான். நான் மேலே போட்ட கணக்கு அப்போதே காலாவதியாகிவிட்டது. ஆனால் கூட்டம் குறையவில்லை. அக்டோபர் 26 அன்று புடாபெஸ்ட் வீதிகளில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இருட்டில் செல்போன் திரைகளை உயர்த்திப் பிடித்தார்கள். கட்சித் தலைமையகத்தின் மீது பழைய மானிட்டர்களும் கம்ப்யூட்டர் பாகங்களும் பறந்தன. இரண்டு நாள் கழித்து இன்னும் பெரிய கூட்டம், டான்யூப் நதி மீதுள்ள எலிசபெத் பாலத்தைக் கடந்து சென்றது.

பணம் மட்டும் காரணமென்றால் உச்சவரம்போடு அது அடங்கியிருக்கும். அந்த ஏப்ரலில்தான் பிரதமர் விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ் கட்சி மறுபடியும் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு வென்றிருந்தது. கோடையில் ஊடகங்களின் விளம்பர வருவாய்க்குப் புது வரி வந்தது. அதில் அதிகம் அடிபட்டது, அரசை விமர்சித்த ஒரு தனியார் தொலைக்காட்சி. செய்தியைத் தடையில்லாமல் படிக்க மிச்சமிருந்த இடம் இணையம் என்று இளைஞர்கள் நினைத்தார்கள். அங்கேயும் அரசு மீட்டர் மாட்ட வந்தபோது அதை வெறும் வரியாக அவர்கள் பார்க்கவில்லை. நான் அவர்கள் பக்கம்தான். ஒருவர் எவ்வளவு படிக்கிறார், பார்க்கிறார் என்று அளந்து காசு கேட்கும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது.

அக்டோபர் 31 அன்று வானொலியில் பேசிய ஓர்பான், இந்த வடிவில் வரியைக் கொண்டுவர முடியாது என்று ஒப்புக்கொண்டார். அறிவித்துப் பத்தே நாள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பாலத்தில் நடந்த அதே ஹங்கேரி மக்கள், அப்போதே இணையக் கட்டணத்தில் 27 சதவீத மதிப்புக் கூட்டு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக உயர்ந்த விகிதம் அது. அதை எதிர்த்து யாரும் தெருவுக்கு வரவில்லை. விலைக்குள் கரைந்துவிட்ட வரி கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். பிறகு அதே ஓர்பான் அரசு இணையத்துக்கான அந்த விகிதத்தை 2017-இல் 18 ஆகவும், 2018-இல் 5 ஆகவும் குறைத்தது. தெருவில் எழுந்த குரலுக்கு அதில் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

உகாண்டாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2018 ஜூலையில் அங்கே சமூக ஊடகங்களைப் பயன்படுத்த நாளுக்கு 200 ஷில்லிங் வரி போட்டார்கள். மக்கள் போராடினார்கள், பலர் வி.பி.என். போட்டுத் தப்பித்தார்கள். 2021-இல் அரசு அதைக் கைவிட்டு, டேட்டா விலையிலேயே 12 சதவீதத்தைச் சேர்த்துவிட்டது. அதிலிருந்து வி.பி.என். போட்டுத் தப்பிக்க முடியாது.

நம் கதைக்கு வருவோம். 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள். அதில் சேவையின் விலை 253 ரூபாய் 39 காசு. மீதி 45 ரூபாய் 61 காசு ஜி.எஸ்.டி. விகிதம் 18 சதவீதம். இதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு ஒன்று. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒரு நிறுவனம், அலுவலக இணையத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆன்லைனில் பாடம் படிக்க ரீசார்ஜ் செய்யும் மாணவிக்கு அந்த வழி இல்லை. அவர் கட்டிய வரி கட்டியதுதான்.

இதற்கு மாற்று வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் இணைய இணைப்புக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று 1998-இல் சட்டம் வந்தது. முன்பே வசூலித்துவந்த சில மாநிலங்களுக்கு மட்டும் 2020 ஜூன் வரை விலக்கு இருந்தது. அவற்றில் ஒன்றான டெக்சாஸ், மாதக் கட்டணத்தில் முதல் 25 டாலருக்கு வரி வாங்கவில்லை. குறைந்த கட்டணத் திட்டத்தில் இருப்பவருக்கு அது பெரிய நிம்மதி. நம் ஊரிலும் குறிப்பிட்ட தொகை வரையிலான ரீசார்ஜுக்கு வரி வேண்டாம் என்று கேட்பது முற்றிலும் நியாயமே. தமிழ்நாடு தனியாக இதை முடிவு செய்ய முடியாது. விகிதத்தைப் பரிந்துரைப்பது ஜி.எஸ்.டி. கவுன்சில். ஆனால் நீங்கள் கட்டும் 45 ரூபாயில் பாதி மாநில ஜி.எஸ்.டி.யாக வருகிறது, கவுன்சிலில் மாநில அரசின் அமைச்சரும் உறுப்பினர். உங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மனு எழுதுவதாக இருந்தால், முகவரி தலைமைச் செயலகம், நிதித்துறை.