சோள விதைக்கு மருந்துப் பூச்சு

சோளப் பயிர் செழித்து வளர்ந்து கதிர் வாங்கிய பிறகு, மணி இருக்கவேண்டிய இடத்தில் கரித்தூள் நிறைந்த பைகளைக் கண்டு மனம் நொந்த விவசாயிகள் நம்மிடையே பலர் உண்டு. இதுவே கரிப்பூட்டை நோய். அந்நிலையில் எம்மருந்தைத் தெளித்தும் பயனில்லை. நோய் புகுந்தது விதை முளைத்த நாளிலேயாம்.

களத்தில் கதிரடிக்கும்போது கரிப்பைகள் உடைந்து, நுண்ணிய பூசண வித்துக்கள் நல்ல மணிகளின்மேல் படிகின்றன. அடுத்த பருவத்தில் விதையோடு அவையும் முளைத்து, இளம் முளைக்குள் புகுந்து, கதிர் வரும்வரை யாதொரு குறியும் காட்டாமல் வளர்கின்றன. ஆகையால் விதையின் மேலேயே அவற்றை ஒழித்தாக வேண்டும்.

இதற்கு ஆகும் செலவு சொற்பமே. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் மென்மையான கந்தகத் தூள் போதும். மண்பானையில் பாதியளவு விதையிட்டுத் தூளைச் சேர்த்து, வாயைத் துணியால் கட்டி, மணிதோறும் தூள் ஒட்டும்வரை நன்கு குலுக்க வேண்டும். மேலாகக் கையால் கிளறிவிட்டு, மருந்தில் பலனில்லை என்று கூறுவோர் பேச்சை நாம் ஒப்புவதற்கில்லை. அப்பானை மீண்டும் அடுப்பங்கரைக்குப் போகலாகாது.

விதைக்குப் பூசும் மருந்துகளில் கொடிய நஞ்சும் உண்டு. 1971-ஆம் ஆண்டு இராக் நாட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமை விதையில் பாதரச மருந்து பூசி, அடையாளமாகச் சாயமும் ஏற்றியிருந்தனர். பல இடங்களில் அது விதைப்புக் காலம் கடந்தே வந்து சேர்ந்தது. மூட்டைமேல் இருந்த எச்சரிக்கையோ அம்மக்கள் அறியாத மொழியில். கழுவியதும் சாயம் போயிற்று, நஞ்சு போகவில்லை. ரொட்டி சுட்டு உண்டவர்களுக்கு உடனே ஒன்றும் நேராததால் தொடர்ந்து உண்டனர். வாரங்கள் சென்றபின் கைகால் மரத்தது, பார்வை மங்கியது. மருத்துவமனைகளில் சேர்ந்தோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர்.

தானிய விதைக்குப் பாதரச மருந்து நம் நாட்டில் இன்று தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் எம்மருந்து பூசிய விதையும் உலைக்கோ கோழிக்கோ உரியதன்று. பஞ்சாயத்து உறுப்பினர்கள் விதைப்புக்குமுன் ஒரு நாளைக் குறித்து, பொதுவிடத்தில் சுழலும் பீப்பாய் ஒன்றை வைத்து, அவரவர் நிலத்துக்கு வேண்டிய அளவு விதைக்கு மட்டும் மருந்து கலந்து கொடுக்கலாம். அப்படியும் மீந்தால், மூட்டைமேல் ‘நஞ்சு’ எனத் தமிழில் பெரிதாக எழுதி, உணவுத் தானியம் இல்லாத அறையில் பூட்டி வைக்க வேண்டும்.