களிமண் நடக்கும் படங்கள்: வீட்டில் தேடிப் பார்க்கச் சில குறிப்புகள்

எங்கள் விருத்தாசலத்தில் களிமண் சோறு போடுகிறது. செராமிக் தொழிற்பேட்டையை நம்பி அகல் விளக்கும், பியூஸ் கட்டையும், பொம்மையும் செய்து பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. செராமிக் படிப்புக்கென்றே அரசு கல்வி நிலையம் உள்ள ஊர் இது. மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். ஓரத்தில் மண் பிடித்ததும் மிச்சக் கூழைக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை நிற்கும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்த பிறகுதான் சூளைக்குப் போகும்.

இதே மண்ணையும், காகிதத்தையும், பாசிமணியையும் இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்து உயிர் கொடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் வீடுகளில் கார்ட்டூன் என்றால் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது போட்டுவிடுகிற சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம். நல்ல படங்கள் நம்மைத் தேடி வருவதில்லை, நாம்தான் தேடிப் போக வேண்டும். தேடுகிற வழியையும் பார்க்கிற முறையையும் எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

1. பத்து நிமிடப் படத்தில் தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. விளக்கு வைத்த பிறகு, தோசைக்கல் காய்வதற்குள் ஒரு படம் பார்த்துவிடலாம். ஒரு நாளைக்கு ஒன்று போதும். யூடியூபில் பார்ப்பதென்றால் 'ஆட்டோபிளே'யை முதலில் நிறுத்திவிடுங்கள். ஒரு படம் முடிந்த கையோடு வேறொன்று வந்து விழுந்தால் பார்த்தது மனதில் தங்காது.

2. எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது 'கை' என்ற படம். ஆங்கிலத்தில் 'தி ஹேண்ட்'. செக்கோஸ்லோவாக்கியாவின் யிரி டிரன்கா 1965-இல் எடுத்தது, 18 நிமிடம், பேச்சே கிடையாது. கதாநாயகன் ஒரு குயவன். சின்ன அறையில் சக்கரம் சுற்றி, தன் ரோஜாச் செடிக்குத் தொட்டி செய்கிறான். ஒரு பெரிய கை உள்ளே வருகிறது. தொட்டி வேண்டாம், என் உருவத்தைச் செய் என்கிறது. அவன் மறுக்கிறான். கை ஆசை காட்டுகிறது, மிரட்டுகிறது, கடைசியில் கூண்டில் அடைத்துக் கயிறு கட்டி ஆட்டுகிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன். டிரன்கா 1969-இல் இறந்த பிறகு அந்த நாட்டு அரசு இந்தப் படத்தைத் தடை செய்தது என்பதிலிருந்தே அது யாருக்குச் சுட்டது என்று புரியும்.

எங்கள் தெருவில் பொம்மைக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போகும் அக்கா ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லி, திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "கண்ணு அப்படியேதான் இருக்குது, மாத்தவே இல்ல. ஆனா பயப்படுறான்னு தெரியுது பாருங்க" என்றார். டிரன்காவின் தனிச்சிறப்பே அதுதான். பொம்மையின் முகத்தை அவர் மாற்றுவதில்லை. தலையைச் சாய்ப்பதிலும், வெளிச்சம் விழும் பக்கத்தை மாற்றுவதிலும் சோகத்தையும் அச்சத்தையும் கொண்டுவந்துவிடுவார். தினமும் நூறு பொம்மைக்குக் கண் எழுதுகிறவருக்கு அது ஒரு நொடியில் பிடிபட்டது.

3. தேடும்போது படத்தின் பெயரை மட்டும் தட்டாதீர்கள். 'கை' என்று தேடினால் ஆயிரம் வரும். இயக்குநர் பெயர், ஆண்டு இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்றால் மைக்கை அழுத்தி வாயால் சொல்லுங்கள், பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். ஒருவருடைய படம் பிடித்துப்போனால் அவருடைய மற்ற படங்களையும் வரிசையாகப் பாருங்கள்.

4. காசில்லாமல் நல்ல படம் பார்க்கச் சிறந்த இடம் கனடா அரசின் தேசியத் திரைப்பட வாரியத்தின் இணையதளம். அங்கே நம்மவர் ஒருவர் இருக்கிறார். குஜராத்தில் பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்து, கனடா போன இஷு பட்டேல். அவருடைய 'பீட் கேம்' 1977-இல் வந்தது. கறுப்புத் தரையில் பாசிமணிகள் ஒன்று இரண்டாகி, பூச்சியாகி, விலங்காகி, ஒன்றையொன்று விழுங்கி, மனிதனாகி, போராக மாறும். ஆறு நிமிடம்கூட இல்லை. ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். அடுத்த ஆண்டு எடுத்த 'ஆஃப்டர்லைஃப்' படத்தில் கண்ணாடிமேல் களிமண்ணை மெல்லிசாகத் தேய்த்து, அடியிலிருந்து விளக்கொளி விட்டிருக்கிறார். மண் மெல்லிசான இடத்தில் ஒளி பொன்னாக வழியும், தடித்த இடம் இருண்டு கிடக்கும். களிமண்ணில் வெளிச்சம் புகும் என்பதை அந்தப் படத்தில்தான் பார்த்தேன்.

அதே வாரியத்தில் நார்மன் மெக்லாரன் படங்களையும் விட்டுவிடாதீர்கள். அவரும் கிளோட் ஜூத்ராவும் 1957-இல் எடுத்த 'எ சேரி டேல்' பத்து நிமிடப் படம். ஓர் ஆள் நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான், நாற்காலி விலகி ஓடுகிறது. அவ்வளவுதான் கதை. சிதார் பண்டிட் ரவிசங்கர், தபலா சதுர்லால். எங்கள் வீட்டில் நாலு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒன்றாகச் சிரித்தது இந்தப் படத்துக்குத்தான்.

5. பேச்சில்லாத படங்களைத் தனியாகப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரியவில்லை என்ற கவலை இல்லை, கண் மங்கிய பெரியவர்கள் எழுத்துப் படிக்கத் திணற வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு சுவிட்சர்லாந்தின் களிமண் பெங்குவின் 'பிங்கு', செக் நாட்டின் மூஞ்சூறு மாதிரியான குட்டி அகழெலி 'கிர்டெக்'. பெரியவர்களுக்கு நெதர்லாந்துக்காரர் மிகேல் டுடோக் டி விட் 2000-இல் எடுத்த 'ஃபாதர் அண்ட் டாட்டர்'. எட்டு நிமிடத்தில் ஒரு பெண்ணின் முழு ஆயுளும் போய்விடும். அப்பாவை இழந்தவர்கள் தனியாகப் பார்ப்பது நல்லது. முழுநீளப் படம் வேண்டுமென்றால் லாட்வியாவின் 'ஃப்ளோ', 2024. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையின் கதை, ஒரு வார்த்தை வசனம் இல்லை. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய 'பிளெண்டர்' மென்பொருளில் செய்து ஆஸ்கர் வாங்கினார்கள்.

6. நம் நாட்டுப் படங்களை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். தாதாசாகேப் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுப்பதற்கு முன்னால், 1912-இல், தொட்டியில் பட்டாணி விதைத்து, தினம் ஒரு படம் வீதம் ஒரு மாதத்துக்கு மேல் எடுத்து, செடி வளர்வதை ஒரு நிமிடத்தில் ஓடவிட்டார். பிறகு தீக்குச்சிகளை ஆடவைத்தும் ஒரு படம் செய்தார். இந்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து கற்றுக்கொடுக்க, ஜாதகக் கதை ஒன்று 'தி பனியன் டீர்' என்று 1957-இல் படமானது. தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகளுக்கு 1974-இன் 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' நினைவிருக்கும். தமிழில் 2007-இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது எனக்கு வருத்தம்தான்.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் பேருக்குச் சொல்வது கீதாஞ்சலி ராவின் 'பிரிண்டெட் ரெயின்போ'. 2006-இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் காட்டப்பட்டது. மும்பை அடுக்குமாடி வீட்டில் தனியாக ஒரு மூதாட்டி, கூட ஒரு பூனை. அந்த வீடு சாம்பல் நிறம். அவர் சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகளின் மேல் படத்தைப் பார்த்தால் மட்டும் அதனுள்ளே புகுந்து வண்ண உலகத்துக்குப் போய்விடுவார். படம் படமாக ஓவியம் தீட்டி ராவ் தாமே செய்தது. சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டி லேபிள் சேர்த்த அப்பாக்கள், சித்தப்பாக்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

களிமண்ணிலேயே வேண்டுமென்றால் சுரேஷ் எரியாட்டின் 'டோக்ரி'. அப்பாவின் கடிகாரத்தை உடைத்துவிட்ட சிறுமி, அதைச் சரிசெய்யக் கூடை விற்கக் கிளம்புகிறாள். 2017-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது பெற்றது. பேய்க்கதை பிடிக்குமென்றால் அதிதி கிருஷ்ணதாஸின் மலையாளப் படம் 'கண்டிட்டுண்டு'. ஒரு தாத்தா தான் பார்த்த பேய்களைப் பற்றிச் சொல்கிறார், கோடுகள் அவர் வாயிலிருந்து பிறப்பதுபோல் ஓடுகின்றன. மலையாளம் முக்கால்வாசி நமக்குப் புரியும்.

7. தோல்பாவைக் கூத்து பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் லாட்டே ரைனிகரின் 'பிரின்ஸ் அக்மத்' படத்தைப் போடுங்கள். 1926-இல் ஜெர்மனியில் ஒரு பெண் கத்தரிக்கோலால் கறுப்பு அட்டையை வெட்டி, ஒளி ஊடுருவும் கண்ணாடிமேல் வைத்து நகர்த்தி எடுத்தது. இன்றைக்கும் முழுசாகக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் பழையது.

8. அனிமேஷன் என்பதாலேயே அது பிள்ளைகள் படம் ஆகிவிடாது. ஒருமுறை பெயரைப் பார்த்துவிட்டுப் போட்ட படத்தில் வந்த காட்சியால் பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் தனியாகப் படுக்கவில்லை. நான் முன்கூட்டிப் பார்க்காததுதான் தவறு. யான் ஷ்வாங்மாயர் களிமண்ணில் செய்தவை அபாரமானவை, ஆனால் பெரியவர்களுக்கானவை. ஆதாம் எலியட்டின் 'மேரி அண்ட் மேக்ஸ்', ஜப்பானின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' இரண்டும் அப்படியே. முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள், பிறகு பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்.

9. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், பட அமைப்புப் பகுதியில் பெரும்பாலும் 'மோஷன்' என்ற சொல்லோடு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். கையால் நகர்த்திய பொம்மைக்கு ஒரு சிறு தத்தல் உண்டு. டிவி அதை இழைத்துச் சமப்படுத்தினால் படத்தின் உயிர் போய்விடும்.

10. பிடித்த படத்தை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை கதைக்கு. இரண்டாம் தடவை அங்கங்கே நிறுத்தி, செய்தவர் கையைத் தேடுங்கள். நிக் பார்க் 1989-இல் எடுத்த 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்' படத்தில் களிமண் விலங்குகளின்மேல் விரல் ரேகை தெரியும். சாதாரண மக்களிடம் எடுத்த பேட்டியின் குரலை மிருகக்காட்சிசாலை விலங்குகளின் வாயில் வைத்திருப்பார், அந்தப் பொருத்தம் இன்றும் அலுக்கவில்லை. யூரி நோர்ஸ்டைனின் 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' படத்தில் வரும் பனிமூட்டம் மெல்லிய காகிதம். முள்ளெலி உருவத்தின்மேல் அதை வைத்து, கேமரா பக்கமாகச் சிறிது சிறிதாகத் தூக்கியிருக்கிறார்கள். தெரிந்த பிறகு பார்த்தாலும் பனியாகத்தான் தெரிகிறது.

11. அடுத்து எதைப் பார்ப்பது என்று தெரியாதபோது விருதுப் பட்டியல் கைகொடுக்கும். ஆஸ்கர் குறும்பட அனிமேஷன் பரிந்துரைகள், 1960-இல் தொடங்கிய பிரான்சின் அன்னெசி விழா, நம் தேசிய விருது. வென்றதை மட்டும் பார்க்காமல் பரிந்துரையோடு நின்றவற்றையும் பாருங்கள்.

12. பார்த்த படத்தின் பெயர், ஆண்டு, எடுத்தவர், வீட்டில் யாருக்குப் பிடித்தது என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலாவது எழுதி வையுங்கள்.

13. பத்துப் படம் பார்த்ததும் கை பரபரக்கும். நீங்களே எடுங்கள். இப்படி நகர்த்தி நகர்த்திப் படமெடுக்க உதவும் 'ஸ்டாப் மோஷன்' செயலியைச் செல்போனில் இறக்கிக்கொள்ளுங்கள். போனை ஸ்டூலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், இம்மியும் அசையக் கூடாது. ஜன்னலைச் சாத்தி டியூப் லைட்டிலோ பல்பிலோ எடுங்கள். வெயில் நகர்ந்தால் படம் மினுக்கும். வெள்ளைச் சட்டை போட்டாலும் அந்த வெளிச்சம் பொம்மைமேல் அடிக்கும், அடர்நிறம் உடுத்துங்கள். போகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு விநாடிக்கு 12 படம் என்று வைத்தால் பத்து விநாடிக்கு 120 படம். ஒவ்வொரு படத்துக்கும் பொம்மையை அரிசி நீளம் நகர்த்தினால் போதும். சக்கரத்து மண் விளக்குச் சூட்டில் வெடிக்கும், எண்ணெய் கலந்த வண்ணக் களிமண்தான் தாங்கும். நவராத்திரி முடிந்து கொலுவை எடுத்து வைக்கும் அன்றைக்குப் பொம்மைகளைப் படியிறங்கி நடக்க விடலாம். கார்த்திகைக்கு அகல் விளக்குகளை வாசலில் வரிசைகட்டி வரச் செய்யலாம். திரி ஏற்றாமல் எடுங்கள், சுடர் ஆடினால் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் ஊர் செராமிக் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களே, ஒரு மாலைப்பொழுதில் வகுப்பறைச் சுவரில் அந்தக் 'கை' படத்தைப் போட்டுக் காட்டுங்கள். 18 நிமிடம்தான் ஆகும்.