புனிதர்களின் பரிந்துரை: சிபாரிசா, அன்பா?

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் புனித அந்தோனியார் சுரூபத்தின் முன் எரியும் மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை பெருகிவிடும். வீட்டில் ஒருவர் நோயுற்றால் அன்னை மரியாவுக்கு நேர்ச்சை வைக்கிறோம். இவற்றைக் காணும் பிற சபைத் தோழியர் சிலர், "கடவுளிடமே நேராகக் கேட்கலாமே, இடையில் புனிதர்கள் எதற்கு?" என்று வினவுவதுண்டு. நியாயமான கேள்விதான். சினம் கொள்ளாமலும் மழுப்பாமலும் இதற்கு விடை கூற ஒவ்வொரு கத்தோலிக்க மாணவியும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவதாக, திருச்சபை கற்பிப்பது யாது? ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம் மட்டுமே. 787-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம், திருவுருவங்களைப் பற்றி ஆராய்ந்தபோது இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியது. புனிதர்களின் உதவியை நாடுவது நல்லது, பயனுள்ளது என்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் அறிவித்தது. அத்துடன், நலன்கள் யாவும் இறைவனிடமிருந்து, ஒரே மீட்பராகிய கிறிஸ்துவின் வழியாகவே வருகின்றன என்பதையும் அது வலியுறுத்தியது. நம் மன்றாட்டு மாலைகளைக் கவனித்தாலே இவ்வுண்மை விளங்கும். அவற்றில் கடவுளிடம் இரக்கம் கேட்கிறோம். புனிதர்களிடமோ, நமக்காக வேண்டிக்கொள்ளும்படி மட்டுமே கேட்கிறோம்.

கடவுளுக்கும் மனிதருக்கும் இணைப்பாளர் இயேசு கிறிஸ்து ஒருவரே என்று புனித பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கூறுகிறார். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், எல்லா மனிதருக்காகவும் மன்றாடவேண்டும் என்று கேட்டுக்கொள்பவரும் அவரே. ஆகவே பிறருக்காக வேண்டுவது கிறிஸ்துவின் இடத்தைப் பறிப்பதன்று. அவருடைய மன்றாட்டில் நாமும் பங்குபெறுவதாகும். நோயுற்ற தோழி, "எனக்காக ஜெபம் செய்" என்று நம்மைக் கேட்கும்போது, "கடவுளிடம் நேராகக் கேள்" என்று நாம் திருப்பி அனுப்புவதில்லையே!

இந்த அன்பு சாவோடு அற்றுப்போவதில்லை. கிறிஸ்துவில் இறந்தோர் அவரோடு வாழ்கின்றனர். இறைமக்களின் வேண்டுதல்களாகிய நறுமணப் புகை நிறைந்த பொற்கிண்ணங்களை மூப்பர்கள் ஆட்டுக்குட்டியானவர் முன் ஏந்தி நிற்கும் காட்சியைத் திருவெளிப்பாட்டு நூலின் ஐந்தாம் அதிகாரம் காட்டுகிறது.

ஆயினும் சிலர் பரிந்துரையைச் சிபாரிசு என்றே எண்ணிவிடுகின்றனர். அலுவலகத்தில் பெரிய அதிகாரி இரங்கமாட்டார். அவருக்கு வேண்டியவரைப் பிடித்தால் காரியம் முடியும். கடவுள் அத்தகைய அதிகாரி அல்லர், நம் தந்தை. பரிந்துரை என்னும் தமிழ்ச் சொல்லையே பாருங்கள். பரிந்து உரைத்தல், அதாவது பரிவு கொண்டு பேசுதல் என்பதே அதன் பொருள். மனம் இல்லாத கடவுளை இணங்க வைப்பதன்று அது. கடவுளின் அன்பு நிறைந்த உள்ளங்கள் நம் துன்பத்தைத் தம் துன்பமாகக் கொள்வதாகும்.

இதற்குச் சிறந்த சான்று சிறுமலர் என நாம் அழைக்கும் புனித குழந்தை தெரேசா. 1877-ஆம் ஆண்டு அவருடைய தாய் செலி மார்த்தேன் அம்மையார் புற்றுநோயால் வருந்தியபோது, மூத்த புதல்வியர் மூவருடன் லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்று அன்னையை வேண்டினார். நோய் குணமாகவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அவர் இறந்தபோது தெரேசாவுக்கு வயது நான்கு. கேட்டது கிடைக்காமற்போன அந்த வீட்டில் விசுவாசம் அணைந்துவிடவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின், பாரிஸ் நகரில் மூவரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற பிரன்சீனி என்பவன் மனந்திரும்ப மறுப்பதைத் தெரேசா அறிந்தார். முன்பின் கண்டிராத அம்மனிதனுக்காக அந்தப் பதினான்கு வயதுச் சிறுமி மன்றாடத் தொடங்கினார்; திருப்பலியும் ஒப்புக்கொடுக்கச் செய்தார். 1887 ஆகஸ்டு 31-ஆம் நாள் தண்டனை நிறைவேறியது. கொலைமேடையில் கடைசி நொடியில் அவன் குருவின் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை முத்தமிட்டான் என்பதைச் செய்தித்தாளில் படித்துத் தெரேசா கண்ணீர் விட்டார். அவனைத் தம் முதல் பிள்ளை என்றே அழைத்தார்.

கார்மேல் மடத்தில் சேர்ந்த பின்னர், மறைபரப்புப் பணிக்குச் சென்ற ஒரு குருவுக்காகவும், அப்பணிக்குத் தயாரான ஒரு குருமாணவருக்காகவும் இடைவிடாது வேண்டினார். விண்ணகம் சென்றபின்னும் மண்ணுலகுக்கு நன்மை செய்வதே தம் விருப்பம் என்றார். 1897-இல், இருபத்து நான்காம் வயதில் இறந்த அவரைத் திருச்சபை 1925-இல் புனிதராக உயர்த்தியது. 2015-இல் அவருடைய தாயும் தந்தையும் புனிதர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். லூர்து நகரில் கேட்ட சுகத்தைப் பெறாத அத்தாயிடம் இன்று நோயுற்றோர் பரிந்துரை வேண்டுகின்றனர். கேட்டது கிடைக்காதபோது நம் ஜெபம் வீணாயிற்று என்று சோர்ந்துபோகலாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அன்புத் தங்கையரே, மண்ணில் பிறருக்காகக் கேட்டவர்களே விண்ணிலும் கேட்கிறார்கள். எனவே புனிதரின் பீடத்தின் முன் நம் தேர்வுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பாடத்தில் பின்தங்கிய தோழியையும், இல்லத்தில் அமைதியின்றித் தவிக்கும் மாணவியையும், நம்மோடு பேசாதிருப்பவளையும் பெயர் சொல்லி நினைத்துக்கொள்வோம். புனிதர்களிடம் பரிந்துரை கேட்பவர்கள், பிறருக்காகப் பரிந்துரைக்கவும் கற்றுக்கொள்வோமாக!