பாதிக் கோழி நியாயமும் பைபிள் படிப்பும்

தில்லி மாநகருக்கு வெளியே இருந்த ஒரு மரத்தோப்பில், 1817ஆம் ஆண்டு மே மாதம், ஆண்களும் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 500 பேர் கூடியிருந்தனர். நிழலில் அமர்ந்து ஒரு நூலைப் படிப்பதும், அதைப் பற்றி உரையாடுவதுமாக அவர்கள் பொழுது கழிந்தது. செய்தி கேட்டு மீரட்டிலிருந்து விரைந்து வந்தார் ஆனந்த மசீஹ் என்ற இந்திய உபதேசியார். ஹிந்துஸ்தானியில் அச்சான சுவிசேஷமே அவர்கள் கையிலிருந்த நூல் என்று கண்டார். ஹரித்வார் மேளாவில் அது தங்களுக்குக் கிடைத்ததென்றும், இறைவனின் கொடை என்றும் அவர்கள் நம்பினர். இது ஐரோப்பியரின் வேதம் என்று அவர் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. மாமிசம் உண்போருக்கு இது எவ்வாறு உரியதாகும் என்று கேட்டனர். ஞானஸ்நானம் பெற அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் நற்கருணையை மட்டும் ஏற்க மாட்டோம் என்றனர். ஐரோப்பியர் பசுவின் மாமிசத்தை உண்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன காரணம். லண்டனில் வெளிவந்த 'மிஷனரி ரிஜிஸ்டர்' இதழின் 1818 ஜனவரி வெளியீட்டில் இந்நிகழ்ச்சி பதிவாகியுள்ளது.

இதைப் படிக்கையில் நமக்குப் புன்னகை தோன்றலாம். ஆயினும் அந்தத் தோப்பில் இருந்தவர்கள் ஒரு விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவர்கள். எதை ஏற்கிறோம், எதை ஏற்க மாட்டோம் என்பதை அவர்கள் வெளிப்படையாகக் கூறினர். நாமோ ஏற்காத பகுதி இருப்பதையே பல சமயம் சொல்வதில்லை.

மேடையில் ஒலிக்கும் மூன்று வரிகள்

சர்வ சமய சமரசத்தைப் பற்றிப் பேசும் நமது கூட்டங்களில் பைபிளிலிருந்து வழக்கமாக மூன்று இடங்கள் எடுத்தாளப்படும். இறைவனின் ராஜ்யம் உள்ளே இருக்கிறது என்னும் பொருள்பட வரும் லூக்கா 17:21 முதலாவது. அமைதியாயிருந்து இறைவனை அறியச் சொல்லும் சங்கீதம் 46:10 இரண்டாவது. தாமும் பிதாவும் ஒன்றே என்று இயேசு கூறும் யோவான் 10:30 மூன்றாவது. இம்மூன்றும் வேதாந்தத்துக்கு நெருக்கமாக ஒலிப்பதால் நமக்குப் பிரியமானவை.

இவற்றின் சுற்றுப்புறத்தை நாம் பார்த்ததுண்டா? லூக்காவில் அச்சொல் கூறப்படுவது பரிசேயர்களை நோக்கி. அங்குள்ள கிரேக்கச் சொற்றொடருக்கு 'உங்கள் உள்ளே' என்றும் பொருள் கொள்ளலாம். 'உங்கள் நடுவே' என்றும் கொள்ளலாம். அறிஞர் பலர் இரண்டாவதையே ஏற்கின்றனர். 46ஆம் சங்கீதம் தியான அறையைப் பற்றிய பாடல் அன்று. ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன, வில் ஒடிகிறது, ரதங்கள் எரிகின்றன. போரிடும் ஜாதிகளுக்கு இடும் கட்டளையாகவே அந்த 'அமைதி' அங்கு வருகிறது. யோவானின் 10ஆம் அத்தியாயத்தை மகிழ்வுடன் மேற்கோள் காட்டும் நாம், பிதாவிடம் செல்லத் தாமே வழி என்று இயேசு கூறும் 14:6ஐ மெல்லத் தாண்டிவிடுகிறோம்.

இதற்கு நேரெதிரான வழக்கமும் உண்டு. எரிகோ நகரில் உயிருள்ள அனைத்தும் அழிக்கப்பட்டதைக் கூறும் யோசுவா 6ஆம் அத்தியாயத்தையும், அமலேக்கியரைக் குழந்தைகளோடு கொல்லச் சொல்லும் 1 சாமுவேல் 15ஆம் அத்தியாயத்தையும் மட்டும் எடுத்துக்காட்டி, 'பைபிள் இவ்வளவுதான்' என்று முடிப்பவர்கள் உளர். தேன் மட்டும் எடுப்பவரும் கொடுக்கை மட்டும் காட்டுபவரும் ஒரே தவற்றையே செய்கின்றனர். இருவருமே நூலைப் படிப்பதில்லை. தாம் முன்பே கொண்ட கருத்துக்குச் சாட்சி தேடுகின்றனர்.

இதில் அடியேனும் விலக்கல்லன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சொற்பொழிவைத் தமிழாக்கும்போது யோவான் 10:30 வந்தது. அந்த ஒரு வரியைத் தமிழ் பைபிளில் தேடி எடுத்து, எழுதி முடித்துவிட்டேன். பின்னர் தில்லியில் நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஓர் இளைஞர், "சுவாமிஜி, அதற்கு அடுத்த வசனத்தில் என்ன நடக்கிறது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அந்த அத்தியாயத்தை முதன்முறையாக முழுவதும் படித்தேன். அடுத்த வசனத்தில் மக்கள் அவர்மீது எறியக் கற்களை எடுக்கிறார்கள்.

சரித்திரம் கூறும் மூன்று கத்தரிப்புகள்

1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்க மக்களுக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட பகுதிகள் கொண்டது அது. யோசேப்பு எகிப்தில் அடிமையாக விற்கப்பட்ட கதை அதில் உண்டு. மோசேயின் தலைமையில் இஸ்ரவேலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கதை அதில் இல்லை. எஜமானருக்குக் கீழ்ப்படியுமாறு கூறும் பகுதி இருந்தது. எதை விட்டார்கள் என்பதே அவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பதைக் காட்டிவிடுகிறது.

1820இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிச் சுவிசேஷங்களிலிருந்து தமக்கு உவந்த பகுதிகளை வெட்டி ஒட்டித் தனி நூலொன்று அமைத்தார். அதில் அற்புதங்களுக்கு இடமில்லை. கல்லறை கல்லால் மூடப்படுவதோடு நூல் முடிகிறது, உயிர்த்தெழுதல் இல்லை. தம் சொந்தப் படிப்புக்காகச் செய்த அதை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை.

அதே 1820இல் கல்கத்தாவில் ராஜாராம் மோகன் ராய் 'இயேசுவின் உபதேசங்கள்' என்ற நூலை வெளியிட்டார். நான்கு சுவிசேஷங்களிலிருந்தும் அறவுரைகளைத் தொகுத்த அவர், சரித்திரப் பகுதிகளையும் அற்புதங்களையும் கோட்பாட்டுப் பகுதிகளையும் பெரிதும் விட்டுவிட்டார். காரணத்தையும் முன்னுரையில் சொன்னார்: சரித்திரப் பகுதிகள் ஐயத்துக்கும் சர்ச்சைக்கும் இடந்தருபவை, அற்புதங்களோ, அவற்றினும் வியப்பான கதைகளைக் கேட்டுப் பழகிய ஆசிய மக்களிடம் எடுபடமாட்டா. செராம்பூர் மிஷனைச் சேர்ந்த ஜோஷுவா மார்ஷ்மன் இதைக் கடுமையாகக் கண்டித்தார். இயேசுவின் உபதேசத்தை அவரது மரணத்திலிருந்தும் மீட்பிலிருந்தும் பிரித்தெடுக்க முடியாது என்பது அவர் வாதம்.

ராய் அடுத்துச் செய்த செயலே நமக்குப் பாடம். தம் தொகுப்பை ஆதரித்து நான்கு வரி எழுதிவிட்டு அவர் ஒதுங்கவில்லை. எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். பழைய ஏற்பாட்டையும் புதிய ஏற்பாட்டையும் மூலமொழிகளில் ஆராய்ந்தார். 1820, 1821, 1823 ஆகிய ஆண்டுகளில் மூன்று விண்ணப்ப நூல்களை எழுதி, மார்ஷ்மன் காட்டிய ஒவ்வொரு வசனத்துக்கும் பதிலளித்தார். முந்தைய நூல்களை அச்சிட்ட பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் மூன்றாவதை அச்சிட மறுக்கவே, தாமே அச்சுக்கூடம் அமைத்து வெளியிட்டார். அவருடன் சுவிசேஷங்களை வங்காளத்தில் பெயர்க்கும் பணியிலிருந்த வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி, யோவான் 1:3இல் வரும் ஒரு சிறு கிரேக்க இடைச்சொல் 'ஆல்' என்று பொருள்படுமா, 'வழியாக' என்று பொருள்படுமா என்ற ஆராய்ச்சியில் தொடங்கி, 1821இல் திரித்துவக் கோட்பாட்டையே விட்டு விலகினார். ஓர் இடைச்சொல்லுக்கு உண்மையாக இருக்க முயன்றதற்கு அவர் கொடுத்த விலை அது. தில்லி செங்கோட்டையிலிருந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் அக்பர் ராய்க்கு 'ராஜா' பட்டம் அளித்துத் தம் தூதராக இங்கிலாந்துக்கு அனுப்பியது பின்னாளில் நிகழ்ந்தது. அங்கேயே, பிரிஸ்டல் நகரில், 1833இல் அவர் காலமானார்.

தேர்ந்தெடுப்பது தவறன்று. தேர்ந்தெடுத்ததை முழுமை என்று காட்டுவதே தவறு. ராய் தேர்ந்தெடுத்தார், அதைச் சொன்னார், கேட்டபோது முழு நூலுக்கும் பொறுப்பேற்றார். 1807ஆம் ஆண்டுத் தொகுப்போ, தன்னிடம் படிக்கப்போகிறவன் முழு நூலையும் காணக்கூடாது என்றே செய்யப்பட்டது.

நாவலர் படித்த பைபிள்

தமிழுலகிலும் ஒரு சான்று உண்டு. யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பீட்டர் பார்சிவல் பாதிரியாருக்குத் துணையாக இருந்து பைபிளின் தமிழாக்கத்தில் உழைத்தார். மொழிபெயர்ப்பவனுக்குப் பிடித்த பக்கம், பிடிக்காத பக்கம் என்று கிடையாது. லேவியராகமத்தின் பலி விதிகளையும் அவன் வரிக்கு வரி கடக்கவேண்டும். அவ்வாறு கடந்ததன் பயனை 1854இல் அவர் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலில் காணலாம். சைவக் கிரியைகளை மிஷனரிகள் பழித்தபோது, தூபம், தீபம், அபிஷேக எண்ணெய், சுத்தி, ஆலய விதி ஆகிய யாவும் அவர்களுடைய வேதத்திலேயே இறைவனின் கட்டளைகளாக இருப்பதை நாவலர் எடுத்துக்காட்டினார். தம் நூலில் தாமே படியாது விட்ட பக்கங்களை ஒரு சைவர் படித்துக் காட்டியபோது, எதிர்த்தரப்பினர் பதில் சொல்லத் திணறினர். ஒன்றை மறுப்பதற்கும் முழுப்படிப்பு வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

நமது சாஸ்திரம் தரும் அளவுகோல்

முழுமையாகப் படிப்பது எப்படி? இதற்கு நாம் வெளியே செல்லவேண்டியதில்லை. ஒரு நூலின் தாத்பரியத்தை நிர்ணயிக்க வேதாந்திகள் ஆறு அடையாளங்களைக் கூறுவர். அவற்றைப் பைபிளுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

1. உபக்கிரமம், உபசம்ஹாரம்: தொடக்கமும் முடிவும். ஆதியாகமம் ஒரு தோட்டத்தில், ஜீவ விருட்சத்தோடு தொடங்குகிறது. வெளிப்படுத்தின விசேஷம் ஒரு நகரத்தில், அதே ஜீவ விருட்சத்தோடு முடிகிறது.

2. அப்யாசம்: மீண்டும் மீண்டும் வருவது. அந்நியன், விதவை, திக்கற்ற பிள்ளை ஆகியோரைக் காக்கவேண்டும் என்ற கட்டளை நியாயப்பிரமாண நூல்களிலும் தீர்க்கதரிசிகளிடமும் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது.

3. அபூர்வதை: வேறெங்கும் எளிதில் கிடைக்காதது. ஒரு மக்கள் கூட்டத்தின் சரித்திரத்தையே இறைவனோடு செய்த உடன்படிக்கையாகக் காண்பது இதன் தனித்தன்மை. வேதாந்தத்தை அதில் தேடுபவருக்கு இது தென்படாது.

4. பலம்: நூல் வாக்களிக்கும் பயன். அது மோட்சம்தானா, நீதியுள்ள ஒரு சமுதாயமா, இரண்டுமா என்று ஒவ்வொரு நூலிடமும் கேட்கவேண்டும்.

5. அர்த்தவாதம்: புகழ்ச்சியும் இகழ்ச்சியும். 137ஆம் சங்கீதத்தின் இறுதியிலுள்ள கொடிய சொல், பாபிலோனில் சிறைப்பட்டோரின் கதறல், விதி அன்று. ஆனால் எச்சரிக்கை தேவை: 1 சாமுவேல் 15 கட்டளை வடிவிலேயே இருக்கிறது. அதை அர்த்தவாதம் என்று சொல்லித் தப்ப முடியாது. 'இது எனக்கு உடன்பாடில்லை' என்று நேராகச் சொல்வதே நேர்மை.

6. உபபத்தி: நூல் காட்டும் காரணம். தகப்பனின் பாவம் பிள்ளைகளைத் தொடரும் என்கிறது யாத்திராகமம் 20. அவனவன் செயலுக்கு அவனவனே பொறுப்பு என்று எசேக்கியேல் 18 வாதிடுகிறது. மோவாபியரைச் சபையில் சேர்க்காதே என்கிறது உபாகமம் 23. மோவாபியப் பெண்ணான ரூத் தாவீதரசனின் கொள்ளுப்பாட்டி என்கிறது ரூத் சரித்திரம்.

ஒன்றை இங்கு மறக்கலாகாது. பைபிள் ஒரே நூலன்று, ஒரு நூலகம். புராட்டஸ்டண்டு வழக்கில் 66 நூல்கள், கத்தோலிக்க வழக்கில் 73. பல நூற்றாண்டுகளில், எபிரேயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளில் எழுந்தவை. ஆகவே இவ்வளவுகோலை முதலில் நூல்தோறும் தனித்தனியே வைத்து, பின்னரே மொத்தத்துக்கு வைக்கவேண்டும். அப்போதுதான் அந்நூலகம் தன்னோடு தானே வாதிடுவதும், தன்னைத் தானே திருத்திக்கொள்வதும் புலப்படும். தனி வரி பொறுக்குபவருக்கு அது தெரிய வழியில்லை.

நம் வீட்டுக் கோழி

கோழியின் ஒரு பாதியைச் சமைத்துவிட்டு, மறுபாதி முட்டையிடட்டும் என்று வைத்துக்கொண்டவனைப் பற்றிய 'அர்த்த குக்குடீ நியாயம்' நம் மரபில் வழங்குவது. இதற்கு இணையான 'அர்த்தஜரதீய' நியாயத்தைச் சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் கையாள்கிறார். சாஸ்திரப் பொருளைச் சாஸ்திரம் சொல்லும் வண்ணமே ஏற்கவேண்டும், பாதியைக் கொண்டு பாதியைத் தள்ளலாகாது என்பது அவர் கருத்து.

இந்த நியாயம் அடுத்த வீட்டாருக்கு மட்டுமா? மனுஸ்மிருதியின் 3ஆம் அத்தியாயத்தில் பெண்களைப் போற்றச் சொல்லும் சுலோகத்தை மேடைதோறும் சொல்கிறோம். அதே நூலின் 9ஆம் அத்தியாயம் பெண்ணுக்குச் சுதந்திரம் இல்லை என்று கூறுவதைச் சொல்வதில்லை. கீதையின் 12ஆம் அத்தியாயத்துப் பக்தனின் இலக்கணத்தை ஓதுகிறோம். போர்வீரர்களை விழுங்கும் 11ஆம் அத்தியாயத்து உருவத்தின் முன் நிற்கத் தயங்குகிறோம். பிறர் நூலைப் படிக்கும் நேர்மையை நம் நூலிலும், நம் நூலுக்குக் காட்டும் பொறுமையைப் பிறர் நூலிலும் காட்டுவதே சமதரிசனம்.

அந்த இரவு படித்தது

யோவான் 10ஆம் அத்தியாயத்துக்கு மீண்டும் வருவோம். கல்லெடுத்தவர்களுக்கு இயேசு 82ஆம் சங்கீதத்தை நினைவூட்டிப் பதிலளிக்கிறார். மனிதரைத் 'தேவர்கள்' என்று அழைக்கும் பாடல் அது. இது வேதாந்தத்துக்கு எவ்வளவு இசைவு என்று மகிழ்ந்து, அச்சங்கீதத்தைத் தேடிப் படித்தேன். அங்கே 'தேவர்கள்' என்று அழைக்கப்படுவோர் ஏழைக்கும் திக்கற்றவனுக்கும் நியாயம் செய்யாதவர்கள். அந்தப் பெயர் இருந்தும் மனிதரைப் போலவே மடிவார்கள் என்று கண்டிக்கப்படுகின்றனர். தேடிப்போனது புகழுரை, கிடைத்தது எச்சரிக்கை. நான் முதலில் மொழிபெயர்த்த ஒற்றை வரியைவிட அந்த எச்சரிக்கை எனக்கு அதிகம் பயன்பட்டது.

சாதகர்களுக்கு

பைபிளில் 1,189 அத்தியாயங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அத்தியாயம் படித்தால் ஓராண்டில் முடியும். முதலில் மாற்கு சுவிசேஷத்தை ஒரே அமர்வில் படியுங்கள்; 16 அத்தியாயங்களே. யோசுவாவைப் படிக்கும்போது யோனாவையும், எஸ்றாவைப் படிக்கும்போது ரூத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் இடுங்கள்: ஒன்றில் மனம் உவந்த இடங்கள், மற்றொன்றில் மனம் ஒப்பாத இடங்கள். இரண்டாவது பத்தி காலியாக இருந்தால், நீங்கள் இன்னும் முழு நூலையும் படிக்கவில்லை.

சிந்தனைக்கு:

1. பைபிளிலிருந்து நீங்கள் அடிக்கடி கூறும் வரிக்கு முன்னும் பின்னும் உள்ள பத்து வசனங்கள் யாவை?

2. மத்தேயு 4ஆம் அத்தியாயத்தில் சோதிப்பவனும் வேத வரியையே மேற்கோள் காட்டுகிறான். இயேசு அதற்கு எவ்வாறு பதிலளிக்கிறார்?

3. நம் நூல்களில் நீங்கள் இதுவரை தாண்டிச் சென்ற பக்கம் எது?