ஒரு ஸ்பூன் சொன்ன பாடம்

பார்கின்சன் நோயாளிகளுக்கு நிதி திரட்ட நாம் நடத்திய உணவுச் சுவை மாலை நினைவிருக்கிறதா? பணியாரம் முதல் பால்பாயசம் வரை இருந்தது. ஆனால், அந்நோயுள்ள பெரியவர் ஒருவர் பாயசத்தைத் தொடவில்லை. "வேணாம் தம்பி, சட்டையெல்லாம் ஊத்திக்கும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

1817இல் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்த நோய் இது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் சிறிது சிறிதாக அழிவதால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் வருகின்றன. மருந்து அறிகுறிகளைக் குறைக்கும், நோயை நிறுத்தாது.

மெல்லிய காம்பைப் பிடிப்பது அவர்களுக்குச் சிரமம். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பூனுக்குத் தடித்த மரக் கைப்பிடி பொருத்தி, ஆழமான கிண்ணத்தில் பாயசத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். நாலு வாய் சாப்பிட்டவர், "சர்க்கரை கொஞ்சம் கம்மிப்பா!" என்றார்.

வசூலைவிட அந்தக் குறைதான் எனக்குப் பெரிசு. அடுத்த முறை டோக்கன் அச்சடிக்குமுன் ஸ்பூன் செய்வோம்!