குளிர்ப் பகுதிகளிற் பல்லாண்டு மிளகாய்ச் செடி

மிளகாய் ஒரு போகப் பயிரென்றே நம் கமக்காரர் பலரும் கருதுகின்றனர். மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்திலுள்ள தம்புள்ளை, கலேவெலை முதலிய வறண்ட பகுதிகளில் மிளகாய் சில மாதங்கள் காய்த்தபின் பிடுங்கப்படுவதே இக்கருத்துக்குக் காரணமாகும். இயற்கையில் மிளகாய் ஓராண்டுச் செடியன்று. அது அடிதடித்து, மரத்தன்மை பெற்று, பல ஆண்டுகள் உயிர்வாழ வல்லது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளே அதன் தாயகம். போர்த்துக்கேயர் காலத்தில் அது கீழைநாடுகளுக்கு வந்து சேர்ந்தது.

இவ்வுண்மை மலைச்சரிவுகளில் வாழ்வோருக்குப் பெரிதும் பயன்படும். குளிரான இடத்தில் மிளகாய் விதை தாமதித்தே முளைக்கும். நாற்றும் மெல்ல வளரும். செடி பூத்துக் காய்க்கத் தொடங்கும் வேளையில் மழையும் மூடுபனியும் வந்துவிடும். ஏற்கெனவே வேரூன்றிய முதிர்ந்த செடியோ, குளிர் நீங்கியவுடன் தளிர்த்து விரைவிற் காய்க்கும். ஆகவே நல்ல செடிகள் நான்கைந்தைக் குளிர்காலத்திற் காத்து வைத்திருப்பவர், வீட்டுத் தேவைக்கான மிளகாயைக் கடையில் வாங்கும் செலவிற் பெரும்பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

உயரமும் குளிரும்

மாத்தளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் 1,000 அடி உயரத்துக்கும் வெப்பம் சுமார் 2 பாகை செல்சியஸ் குறையும். எனவே ரத்தோட்டைக்கு அப்பால், றிவஸ்டன் சரிவுகளில் 4,000 அடிக்கு மேற்பட்ட இடங்கள் நகரத்தைவிட 5 அல்லது 6 பாகை குளிர்ந்திருக்கும். அங்கு வீசும் கடுங்காற்று குளிரின் தீமையை மேலும் கூட்டும்.

மிளகாய் விதை முளைப்பதற்கு 25 முதல் 30 பாகை வெப்பம் உகந்தது. இரவு வெப்பம் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி தளரும், பூக்கள் உதிரும். உறைபனி விழுந்தால் இலையும் இளந்தண்டும் கருகிவிடும். 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில், வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. மாத்தளை மலைகளில் வாழ்வோர் அஞ்சவேண்டியது உறைபனியைவிட, குளிரோடு சேர்ந்த ஈரத்தையேயாகும். குளிர்ந்த மண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகிச் செடி மடியும்.

தெரிவு செய்யவேண்டிய இனம்

பல்லாண்டு வளர்ப்புக்குக் கொச்சி மிளகாயே சிறந்தது. மேல்நோக்கி நிற்கும் சிறிய காய்களையும் மிகுந்த உறைப்பையும் உடைய இச்செடி, வீட்டுத்தோட்டங்களிற் பல ஆண்டுகள் நின்று காய்க்கும். எம்.ஐ. 1 போன்ற வயல் இனங்கள் ஒரு போகத்தில் நிறைந்த விளைச்சல் தருவதற்கெனத் தெரிவு செய்யப்பட்டவை. அவற்றைப் போகந்தோறும் புதிதாக நடுவதே நன்று.

தென்னமெரிக்காவின் பெரு, பொலிவியா நாடுகளின் உயர்மலைகளில் ரொக்கோட்டோ என்னும் மிளகாய் பயிரிடப்படுகின்றது. மயிரடர்ந்த இலை, ஊதாப்பூ, கறுத்த விதை ஆகியன இதன் அடையாளங்கள். மற்றைய மிளகாய்களைவிட இது குளிரைத் தாங்கும். எனினும் கடும் உறைபனியில் இதுவும் பட்டுப்போகும். பிறநாட்டு விதைகளை விரும்பியவாறு கொண்டுவருதல் கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், புதிய நோய்களும் பூச்சிகளும் நாட்டினுள் நுழையாவண்ணம் இத்தகைய இறக்குமதியைக் கட்டுப்படுத்துகின்றது.

இடமும் நடுகையும்

மலைப்பகுதிகளிற் பிற்பகலில் மூடுபனி கவிவது வழக்கமாதலின், காலை வெயில் நன்கு படும் இடத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். குளிர்காற்று தாழ்ந்த இடத்திற் சென்று தங்கும். ஆதலாற் பள்ளத்தாக்கின் அடிப்பகுதியைத் தவிர்த்துச் சரிவின் நடுப்பாகத்தை நாடுக. வீட்டுச் சுவரின் அண்மை மிக நல்லது. பகலில் ஏற்ற வெப்பத்தைச் சுவர் இரவில் வெளிவிடும். காற்று வீசும் பக்கத்தில் வேலி இருத்தல் அவசியம்.

நிலத்தை 9 அங்குலம் உயர்த்திப் பாத்தியாக்கி, நன்கு மக்கிய கூட்டெருவைக் கலந்து, செடிக்குச் செடி 3 அடி இடைவெளி விட்டு நடுக. பாத்தியைச் சுற்றி வடிகால் வெட்டுக. கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியன வாடல் நோயால் அழிந்த நிலத்தில் மிளகாயை நடலாகாது. அவை யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்நோய்க் கிருமி மண்ணில் நெடுநாள் தங்கும்.

குளிர்காலப் பராமரிப்பு

மார்கழி தொடக்கம் மாசி வரை பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்.

1. தழைச்சத்துப் பசளை இடுதலை நிறுத்துக. அது குளிரைத் தாங்காத இளந்தளிரையே உண்டாக்கும்.

2. மேல்மண் காய்ந்தபின், காலை வேளையில் மட்டும் அளவாக நீரூற்றுக.

3. அடியைச் சுற்றி வைக்கோலாலோ உலர்ந்த இலைகளாலோ மூடாக்கு இடுக. தண்டை ஒட்டி இரண்டு அங்குலம் வெறுமையாக விடுதல் வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும்.

4. உறைபனி விழும் இடங்களில், செடியைச் சுற்றி நான்கு தடிகளை நாட்டி, மாலையிற் சாக்கினால் மூடுக. மூடி இலையிற் படலாகாது. வெயில் ஏறியதும் அதனை அகற்றுக.

5. சாடியில் உள்ள செடிகளை இரவிலே விறாந்தையில் வைக்குக. கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகளில் மாரிகாலத்தில் மிளகாய்ச் செடியைப் பாதியளவு வெட்டிச் சாடியுடன் வீட்டினுள் வைத்து, சிறிதளவே நீரூற்றிக் காப்பாற்றுகின்றனர்.

வெட்டிவிடுதல்

எம் மலைகளில் தரையிலுள்ள செடிகளை மழையும் குளிரும் மிகுந்த காலத்தில் வெட்டுதல் தவறு. வெட்டுவாய் ஈரத்தால் அழுகும். குளிர் தணிந்து, வெயில் நிலைக்கும் மாசிக் கடைசியிலோ பங்குனி முதலிலோ வெட்டுக. கூரிய கத்தியால், நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், கணுவுக்குச் சற்று மேலே சரிவாக வெட்டுதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு செடிக்கும் ஒரு கூடை கூட்டெரு இட்டு மண் அணைக்குக.

நோய் பற்றிய எச்சரிக்கை

பல்லாண்டுச் செடியால் நன்மை உண்டு. கவனியாவிடின் ஊருக்கே கேடும் உண்டு. வயல்களில் மிளகாய் இல்லாத காலத்திற் பூச்சிகளும் நச்சுயிர் நோய்களும் தங்குவதற்கு முதிர்ந்த செடி இருப்பிடமாகிவிடும்.

இலைகளின் அடிப்புறத்தை வாரந்தோறும் பார்வையிடுக. பனிப்பூச்சி தாக்கின் இலை மேல்நோக்கிச் சுருளும். சிற்றுண்ணி தாக்கின் கீழ்நோக்கிச் சுருளும். இவை ஆரம்பத்திலேயே காணப்படின், தாக்குண்ட நுனிகளைக் கிள்ளி எரித்துவிடுக. இலைகள் சிறுத்து, நரம்பு தடித்துச் செடி குறுகின், அது வெண்ணீ பரப்பும் நச்சுயிர் நோயாக இருக்கலாம். அந்நோய்க்கு மருந்து இல்லை. எத்துணைக் காலம் காய்த்த செடியாயினும் தயங்காது பிடுங்கி எரித்தல் வேண்டும். ஒரு செடியின்மீது கொள்ளும் இரக்கம், அயலவரின் நாற்றுமேடை முழுவதையும் அழித்துவிடும்.

செடி பசுமையாக இருக்கும்போதே திடீரென வாடினால், தண்டின் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்துக. வெண்மையான கசிவு நூல்போல் இறங்கின் அது பற்றீரிய வாடலாகும். அச்செடியையும் வேருடன் அகற்றி எரிக்குக.

இக்காரணங்களால், மிளகாய் பெருமளவிற் பயிரிடப்படும் தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளில் வயற்செடிகளை மறுபோகத்துக்கு விட்டுவைத்தல் கூடாது. மலைப்பகுதிக் கமக்காரரும் தம் பழைய செடிகளை நாற்றுமேடைக்குத் தொலைவிலேயே வைத்திருத்தல் வேண்டும். நோயற்ற செடியிலிருந்து விதை எடுத்து, மூன்று ஆண்டுகளுக்கொருமுறை புதுச்செடி நட்டு, விளைச்சல் குன்றிய பழஞ்செடியை நீக்குதல் சிறந்த முறையாகும்.

கூடுதலான ஆலோசனை வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.